வஜிஹா, பிரசவத்துக்கு இங்கே வராதே

குருபரப்பள்ளி
12.8.1987

அன்பு மகள் வஜிஹாவுக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் காவலில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் புறப்படுவதாக எழுதியிருந்தாய். வராதே கண்ணு. பெற்றவளா இப்படி எழுதுகிறாள் என்று நினைக்காமல் முழுக்கப் படி. லாரி இடித்து உன்னைப் பெற்ற அத்தாவின் நெற்றியில் பட்ட காயம் ஆறியது உனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அவர் பழைய நூருல்லாதான், பேச்சும் ஞாபகமும் குறையவில்லை, ஆனால் அதிர்ந்து பேசாத மனிதர் டயர் கடைக்கு வந்தவரை அறைந்தார், மவுத்தான வீட்டில் மய்யித்தைச் சுற்றி அழுகிறவர்கள் நடுவே சத்தமாகச் சிரித்தார், கடையை இப்போது உன் சித்தப்பா சாந்த் பாஷாதான் பார்க்கிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் மனிதனை நிறுத்திப் பிடிக்கும், அதில் அடிபட்டிருக்கிறது, தப்பு எது என்று சொல்லத் தெரியும், செய்யாமலிருக்க முடியாது, எத்தனை தரம் கற்றுக்கொடுத்தாலும் நிற்காது, கோபிக்காதீர்கள் என்றார் பெங்களூர் டாக்டர். கொதிக்கிற பாத்திரத்தைத் தொடாதீர்கள் என்றால், "சுடும், தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே தொடுகிறார், மறுநாளும் தொடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சாந்தம்மா பேரனோடு வந்தாள். அத்தா ஆசையாக வாங்கி மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தார். குழந்தை முதலில் சிரித்தது, பிறகு பயந்து வீறிட்டது, அவர் நிறுத்தவில்லை. "வுட்ருங்க, புள்ள பயப்படுது" என்று கத்தினேன். "ஆமா, வுட்ரணும், வுட்ரணும்" என்கிறார், கைகள் தூக்கிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன. நானும் அவளும் சேர்ந்துதான் பிடுங்கினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாந்தம்மா இப்போது எங்கள் வாசலில் நிற்பதில்லை. உன் பச்சைப் பிள்ளையை இந்த வீட்டில் எப்படி வைப்பேன்? நான் அங்கே வரலாமென்றால் அவரை யாரிடம் விடுவது? ஹைவேயில் இறங்கிவிடுவார் என்று கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன், சந்தைக்குக்கூடப் போக முடியவில்லை, பஸ் போவதை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். கெட்டவராயிருந்தால் வைதாவது ஆறுவேன். நீ வரமாட்டாய் என்று காலையில் அவரிடம் சொன்னேன். அடிபடுவதற்கு முன்பென்றால் கலங்கி அப்போதே டிக்கெட் எடுக்கப் போயிருப்பார். "சரி, டீ குடு" என்றார். அடுப்படியில் நின்று நான்தான் அழுதேன்.

மாமியார் சொல்வதைக் கேட்டு நட, மாத்திரைகளை விடாமல் சாப்பிடு. அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாகப் பிரித்துத் தரட்டும். பிறந்ததும் தந்தியை அத்தா பெயருக்கே அடிக்கச் சொல் கண்ணு, அவரே கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
முனவர் பேகம்