பச்சை மேகம்

நான்ஜிங்,
அக்டோபர் 9, 1984

சூயுனின் அப்பாவுக்கு,

நானும் சூயுனும் நலம். யாங்ஜோவில் அண்ணியின் சமையல் உங்களுக்கு இறங்காது. ஆனாலும் வீம்புக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம் உப்பு வாத்து கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. கல்லறையில் கிடைத்த பழைய அங்கியைப் பார்த்து அப்படியே புதிதாக ஒன்று நெய்யச் சொன்னார்கள். அதில் சிவப்பு மேகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பச்சை. "எவனோ தூங்கிக்கிட்டே செஞ்ச தப்ப நான் எதுக்கு நெய்யணும்?" என்று மேலாளர் குவோவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். பூ விழுவதற்காக இழைகளைத் தூக்கும் பூக்கயிற்றைப் பிடித்தபடி தறியின் உச்சியில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்த மேகம் என்னை விடவில்லை. ஒரு மேகம் முடிய இரண்டு நாளாகும். இரண்டு நாளுமா ஒருவன் தூங்குவான்?

பூதக்கண்ணாடி வாங்கிப் பழைய துணியைப் பார்த்தேன். பச்சையைத் தாண்டி மூன்று மேகம் போனதும் சிவப்பு கொஞ்சம் கறுக்கிறது. அது வேறு சாயம். ஆக, கையிலிருந்த சிவப்பு தீர்ந்திருக்கிறது. சரி, பச்சையை ஏன் அந்த இடத்தில் வைத்தான்? செய்தித்தாள்களை ஒட்டி, அங்கி அளவுக்கு வெட்டி, மேகங்களை அதே இடங்களில் வரைந்து மாட்டிக்கொண்டேன். "அம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, அப்பாவுக்குத் தந்தி அடிக்கணும்" என்று சூயுன் ஒரே சிரிப்பு. அங்கி உடுத்துகிற முறைப்படி இடது பக்கத்தை வலதின் மேல் மடித்துக் கட்டினேன். பச்சை மேகம் உள்ளே போய்விட்டது! மறையப்போகும் மேகத்துக்குப் பச்சையைக் கொடுத்து, இருந்த சிவப்பை வெளியே தெரிகிற மேகங்களுக்கு மிச்சம் பிடித்திருக்கிறான். அவன் தூங்கவில்லை. உங்களைப் போலவே கெட்டிக்காரன், உங்களைப் போலவே யாரிடமும் எதையும் சொல்லாதவன்.

குவோவிடம் சொன்னேன். அசந்துபோனார். ஆனாலும், "திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் பெங்கை உக்கார வெச்சிருவேன்" என்கிறார். பக்கத்துத் தறி பெங் நல்ல கைக்காரர்தான். அவர் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

மேலிருந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்த வழுக்கை பெரிதாவதைப் பார்த்துக்கொண்டுதான் கயிறு இழுக்கிறேன். பெங்குக்கு முடி அடர்த்தி. எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

ஹுய்ஷியா