மூன்று முழம் மல்லிகை

மாமி,

இன்று மாத்தளை அம்மன் கோயிலடியில் பூக்காரப் பெண் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "சாமிக்குத்தானேம்மா?" என்று கேட்டாள். மல்லிகை மணம் முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. வீட்டில் உங்கள் பேத்தி, பிள்ளைக்குப் பால் மறக்கடித்த மூன்றாம் நாள், கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகத்தான் பூ வாங்க வந்திருந்தேன்.

இதே மூன்றாம் நாள் எனக்கும் வந்தது. கலவரத்தில் வேலை செய்த டவுன் கடையோடு உங்கள் மகனும் எரிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. அவர் போனதிலிருந்து உங்கள் பேத்தி என் மாரை விட்டு இறங்கவில்லை, நானும் இறக்கவில்லை. இரண்டரை வயதில் ஒருநாள் வேப்பிலையை அரைத்துத் தடவி ஒரேயடியாக நிறுத்தினேன். அவள் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்துபோனாள். என் மார்தான் மறக்கவில்லை. பால் கட்டிக் கல்லாகி, அக்குள் வரை நெறி கட்டியது. கொழுந்துக்குக் கை நீட்டும்போதெல்லாம் தேயிலை வாது நெஞ்சில் இடித்தது, உயிர் போனது.

அதுவரை குழம்பில் உப்புக் குறைந்தால் மூன்று நாள் என்னை ஏசுகிறவர் நீங்கள். அன்று ஒன்றும் ஏசவில்லை. கொஞ்சமாகப் பீச்சிவிடு, இறுக்கம் குறையும், ஒட்டப் பீச்சினால் திரும்ப ஊறும் என்று சொன்னீர்கள். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றும் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். எங்கள் தோட்டத்து லய வரிசையில் கடைசி வீட்டு வாசலில் மட்டும்தான் மல்லிகைக் கொடி இருந்தது.

அந்த வீட்டுக்காரி கொடுக்கவில்லை. தாலி இறங்கியவளுக்கு மல்லிகை கொடுத்தால் தன் வீட்டுக்கு ஆகாது என்றாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. போய்விடலாம் என்று உங்கள் கையை இழுத்தேன். நீங்கள் அசையவில்லை.

"தலைக்கு இல்ல, மாருக்குத்தான் கேட்டேன்," என்றீர்கள். "இப்ப சொல்றேன், தலைக்கும் வேணும்."

சொல்லிவிட்டு நீங்களே கொடியில் கை வைத்து மடி நிறையப் பறித்தீர்கள். உங்கள் வாய்க்கு லயமே பயப்படும்.

பழைய சேலைக் கிழிசலில் பூவை வைத்துக் கட்டிவிட்டீர்கள், வாடவாட மாற்றினீர்கள். நாலைந்து நாளில் கட்டி இளகியது. வலி போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவரோடு சேர்ந்து பெற்றதில் என் உடம்பில் மிச்சமிருந்ததும் வற்றிவிட்டதே என்று அழுதேன். நீங்களும் அழுதீர்கள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பும் முன், மிஞ்சிய பூவைத் தொடுத்து என் தலையில் வைத்தீர்கள். நீங்களும் வையுங்கள் என்றேன். இருபத்தெட்டு வயதில் தாலி இறங்கிப் பூவை விட்டவர் நீங்கள்.

"ஊரு சொல்லுச்சு, நான் கேட்டுக்கிட்டேன். நீ கேக்காத."

நாம் போய் நின்றதும் பெரட்டுக் களத்தில் பேச்சு நின்றது. நீங்கள் என் பக்கத்திலேயே நின்று எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். யார் கண்ணும் உங்களுக்கு எதிரே நிற்கவில்லை.

உங்களைப் பெட்டியில் கிடத்திய அன்று உங்கள் கொண்டையில் ஒரு முழம் வைத்தேன். அதை எடுக்க வந்த கையைத் தட்டிவிட்டேன். உங்களுக்குக் கோபமோ என்னவோ. கோபமாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

பூக்காரப் பெண் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"சாமிக்கு இல்ல பிள்ள. ரெண்டு முழம் மக மாருக்கு. ஒரு முழம் என் தலைக்கு."

அங்கேயே, கோயிலுக்கு வந்தவர்கள் பார்க்க, வைத்துக்கொண்டேன். பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பதில் வைத்திருந்தேன், மாமி, உங்களுடையதுதான்.