டவ்கியும் உங்கள் பெயரும்

அக்கா,

இன்றைக்கும் சின்யோரா வீட்டுக் கண்ணாடிப் பெட்டியை வினாகிரி போட்டுத் துடைத்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் செய்த வேலையை இப்போது நான் செய்கிறேன். முதுகு விட்டுப்போகிறது.

பெட்டிக்குள் அதே பாடம் செய்த பறவை. கையளவு உடம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. கப்பல் வைத்தியராக இருந்த சின்யோராவின் கணவர் வடதுருவக் கடலிலிருந்து கொண்டுவந்தது. ஈஸ்டர் துப்பரவுக்கு நான் கைகொடுக்க வந்த நாளில், அதன் பெயர்க் கதையைச் சின்யோரா சொன்னாரே, நினைவிருக்கிறதா? மாலுமிகள் வைத்த பெயராம், டவ்கி. சின்னப் புறா என்று அர்த்தம். புறாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பனிக்கடலில் மாதக்கணக்காகக் கிடந்தவர்களுக்கு ஊர்ப் புறா போலத் தெரிந்திருக்கிறது.

"பாவங்கள், வீட்டு யோசினையிலை வைச்சிருக்கினம்" என்றீர்கள்.

"அந்தக் குருவியை ஆரும் கேட்டவையோ?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

உங்களையும் அங்கே ஆறு வருடமாக மரியா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் உங்கள் பெயர் சின்யோராவின் இத்தாலிய வாயில் நுழையவில்லை. மரியா என்றார், தலையாட்டிவிட்டீர்கள். வேலை கிடைத்தால் போதும் என்ற களைப்பு எனக்குத் தெரியாததா?

பிறகு அந்த ரெலிபோன். கொழும்பு லொட்ஜில் இருந்த உங்கள் மகள், கடையில் காத்துநின்று லைன் எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சின்யோரா வைத்துவிட்டார். நீங்கள் பல்கனியில் கம்பளம் தட்டிக்கொண்டு நின்றீர்கள். மகளின் கடிதம் வந்துதான் விஷயம் தெரிந்தது. பல்லரோ சந்தையில் வைத்து நீங்கள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடு பிள்ளை, அவவிலை பிழையில்லை. நானெல்லோ வாய் திறக்கேல்லை."

அடுத்த நாளே பெயரைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினீர்கள். தினமும் கோப்பிக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம். எண்பது வயதில் அந்த மனுசியும் சளைக்காமல் படித்தார்.

மகள் மறுபடி எடுத்தபோது, நெஞ்சுவலி வந்து நீங்கள் கண்மூடி நாலு நாள். நான் போட்ட கடிதம் அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை. சின்யோரா ரிசீவரைப் பிடித்தபடி, பழக்கதோஷத்தில், சமையலறைப் பக்கம் திரும்பி உங்கள் பெயரைக் கூப்பிட்டார். முழுசாக, ஓரெழுத்துப் பிசகாமல். பிறகுதான் அவருக்கு உறைத்தது. உங்களுக்குப் பதிலாகச் சமையலறையில் நின்று ஓடிவந்த என்னிடம் ரிசீவரை நீட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தமுறை அவவுக்கு உங்கடை பேர் தெரிஞ்சிட்டுது, என்னம்மா?" உங்கள் மகள் சிரித்தாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

மற்றதை அதற்குப் பிறகுதான் சொன்னேன், அக்கா. அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்கு அம்மா இருந்தா.