ஒரு கரண்டி உப்பின் கனம்

இன்று காலை உம்மா என் பாடசாலைக் களிசானைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையம் விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். அதைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டு கேட்டார்: "இது என்னடா, யாருக்கு மோதிரம் போடப் போறாய்?" வாங்கி மோந்து பார்த்தேன். கிறீசும் பித்தளையும் கலந்த அதே நாற்றம். உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் ஐந்து மாதமாகிறது. என் களிசான் பையை மட்டும் இன்னும் காலி செய்து தரவில்லை.

எல்லாம் பாவம் மாமியால் வந்த வினை. அவவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு பை முந்திரிகைப் பழத்தோடு உன்னைப் பார்க்க வருவா. உன் சக்கரக் கதிரைக்கு முன்னால் உட்கார்ந்து உன் உம்மாவிடம் கேட்பா: "பாவம், புள்ள சாப்பிடுதா? ராவைக்குத் தூங்குதா?" தசை மெலியும் நோய் உன் கால்களை வாங்கி, கைகளை வாங்கி, குரலிலும் பாதியை வாங்கியிருந்தது. "என்கிட்டயே கேளுங்க மாமி" என்று நீ சொல்வாய். மின்விசிறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது.

ஒரு வெள்ளி, அவ போன பிறகு சொன்னாய்: "மச்சான், எனக்கொரு பஸ் ஹோன் வேணும். பொத்தான நான்தான் அமுக்கணும். நீ அமுக்கினா அது உன்ட பகிடி. நான் அமுக்கினாத்தான் என்ட கதை."

பற்றரியில் ஓடுகிற ஹோன் பூட்டி, தொட்டால் கத்துகிற மாதிரிச் செய்து தருகிறேன் என்றேன். அரை மணித்தியால வேலை.

"காத்துலதான் வேணும்" என்றாய். "என்கிட்ட கொறவா இரிக்கிறது அதுதானே."

இப்படிச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? அங்கேதான் பிடிபட்டேன்.

காற்றுக்குப் பஞ்சமில்லை. உன் நானா, உனக்கு மூத்தவர், கடலட்டை பிடிக்கக் கடலில் சுழியோடுகிறவர். அவர் முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டரில் தினமும் கொஞ்சம் மிஞ்சும். "டேய், இது பலூனில்ல. கூரையோட தூக்கிட்டுப் போகும். நான் பக்கத்துல இல்லாம ஒருத்தனும் தொடக் கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டு, அவரே திறந்து, அவரே மூடுவார். காற்று ஹோனைக் கிழித்துவிடாமல் இருக்க இடையில் ஊசித் துளை ஒன்று வைத்தோம். அதெல்லாம் சுகம். வில்லங்கம் பொத்தானில், அதற்கடியில் காற்றைத் திறந்து மூடுகிற வால்வில்.

முதல் வால்வுக்குள் காற்று பொத்தானை அடியிலிருந்து நெம்பிக்கொண்டு நின்றது. நான் இரண்டு பெருவிரலையும் வைத்து, உடம்பையே சாய்த்துத்தான் அமுக்கினேன். நீ பார்த்துவிட்டுச் சொன்னாய்: "நல்லா இரிக்கி. வில்பத்துக் காட்டுல ஒரு யானைக்குக் குடு."

பிறகு உன் விளக்கம் தொடங்கியது. நடுவில் நிற்கிற கதவை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பலத்தில் தள்ளினால் ஒரு பூனைகூட அதை அசைத்துவிட்டுப் போகுமாம். அதேபோல ஒரு பித்தளைக் கம்பியின் இரு முனையிலும் ஒரே அளவு ரப்பர் வளையம் போட்டு, காற்றை நடுவில் விட்டால், அது இரு பக்கமும் சமமாகத் தள்ளும். கம்பி எந்தப் பக்கமும் சாயாது. ஒரு விரல் போதும்: தள்ளினால் வளையம் நகர்ந்து ஹோனுக்குப் போகிற துளை திறக்கும், எடுத்தால் சின்ன ஸ்ப்ரிங் ஒன்று அதைத் திரும்ப மூடும். இதற்குப் பெயர் அமுக்கச் சமநிலை என்றாய். விஞ்ஞானத்தில் அமுக்கம் என்ற பாடத்தையே அமுக்கிவிட்டுப் பாஸான என்னிடம்!

லேத் கடைக்கு அலைந்தேன். இரண்டாவது வால்வில் ஒரு வளையம் மற்றதைவிட மயிரளவு பெரிது. கம்பி பாய்ந்து உங்கள் வீட்டுச் சீலிங்கில் குத்தி நின்றது. மூன்றாவதில் வளையம் உள்ளே அந்தத் துளையின் விளிம்பில் வெட்டுப்பட்டு, காற்று எல்லாப் பக்கமும் சீறியது. நீ கேட்டது பொத்தான், நான் செய்தது பொத்தல். "விளிம்ப மழுக்கணும்" என்றாய், கதிரையில் ராசா மாதிரி இருந்துகொண்டு. ஈர்க்கில் சாண்ட் பேப்பரைச் சுற்றிப் பின்னேரம் முழுக்கத் தேய்த்தேன். நீ எஞ்சினியர், நான் எஞ்சிய நீர். என் வாழ்வில் பாதி உன் வால்வில் போனது.

எவ்வளவு பாரத்தில் திறக்கிறது என்று பார்க்க, பொத்தானுக்கு மேல் வெற்று யோகட் கோப்பையை வைத்து உப்புக் கொட்டினோம். உன் விரலுக்கும் அதே உப்புத்தான் அளவுகோல். தொடங்கும்போது உன் விரல் அரைப் பாக்கெட் உப்பின் பாரத்தை அமுக்கியது. நாலாவது வால்வு அரைப் பாக்கெட்டுக்குத் திறந்தபோது உன் விரல் கால் பாக்கெட்டுக்கு இறங்கியிருந்தது. ஆறாவது கால் பாக்கெட்டில் திறந்தது. உன் விரலோ ஒரு பிடியில் நின்றது. நான் பொத்தானை இலேசாக்க, நீ எனக்கு முன்னால் இலேசாகிக்கொண்டே போனாய். "கொஞ்சம் பொறுத்து மெலியேலாதாடா?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாவது வால்வு ஒரு கரண்டி உப்பில் திறந்தது.

அந்த வெள்ளி மாமி வந்து உட்கார்ந்தா. பொத்தான் உன் ஆட்காட்டி விரலுக்கு அடியில், கதிரைக் கையோடு சுற்றிக் கட்டியிருந்தது. அறைக்கு வெளியே நானா சிலிண்டரைத் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றார். மாமி தொடங்கினா: "பாவம், புள்ள..." உன் விரல் அசையவில்லை. நெற்றியில் வியர்வை. மாமி தூக்கத்தைக் கேட்டு முடித்து, மருந்துக்கு வந்துவிட்டா. என் கை தானாகவே பொத்தான் பக்கம் போனது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அடி, உதை எல்லாம் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

பிறகு அலறியது பார்! கல்பிட்டிக்குப் போகிற பஸ் வீட்டுக்குள் வந்த மாதிரி. முந்திரிகை நிலமெல்லாம் உருண்டது. மாமி கட்டிலில் ஏறி நின்றா. மூச்சு வந்ததும் இறங்கி, நேரே உன்னிடம் வந்து காதைப் பிடித்தா.

"அட ஷைத்தானே! நடக்கேலாத புள்ள எண்டு பாத்தா, நீ என்ன மவுத்தாக்கப் பாக்கிறியா? செவிட்டுல ரெண்டு போடணும் ஒனக்கு!"

உன் உம்மா ஓடிவந்து மாமியின் கையைப் பிடித்தார். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பதறிக் குனிந்த என் காதில் சொன்னாய்: "மச்சான், ஏசிட்டாங்கடா. எனக்கே. நேரா."

அடுத்த வெள்ளி மாமி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தா. "அந்தச் சனியன் மூடியா இரிக்கி?" என்று உன்னைக் கேட்டா. பிறகு, "சாப்பிட்டியா நீ?" அதுவும் உன்னைத்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தா. "சாப்பிட்டன் மாமி" என்றாய். எல்லோருக்கும் கேட்டது.

நீ மவுத்தான அன்று வீடு நிறைய ஆட்கள். உன்னைப் பற்றிக் கதைத்தார்கள், மெதுவாக, பாவம் பாவம் என்று. மாமி மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்திய உன் ஜனாஸாவைப் பார்த்து ஏசினா: "கள்ளன்! போறன் எண்டு ஒரு வார்த்த சொன்னியாடா?"

போன மாதம் பாடசாலையில் உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் வாசித்துவிட்டு, "மகன், இதுல முழுக்க ஏச்சுத்தானே இரிக்கி. கொஞ்சம் இரக்கமா எழுதேலாதா?" என்றார்.

ஏலாது என்றேன். இரக்கப்பட உனக்கு ஊரே இருக்கிறது. ஏசுவதற்கு மாமியும் நானும்தான் மிச்சம். ஏழு வால்வு செய்ய வைத்து, ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டு, "ஸ்ப்ரிங் கொஞ்சம் இறுக்கம்டா" என்று குறையும் சொல்லிவிட்டுப் போன ஒருவனை நான் வேறு எப்படி நினைப்பது?