அண்ணனுக்கு வராத மூன்றாவது வார்த்தை

செப்டம்பர் 2

கல்லூரியில் எலும்புகளின் பெயர்களை எழுதிப் பழக வாங்கிய நோட்டு இது. மிச்சப் பக்கங்களில் சொந்தக் கதை எழுதுவதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. வாயால் சொல்ல வராதது கையாலாவது வரட்டும்.

ரக்பி கிளப்பில் புது சீசன். மைதானத்துக்குக் கோடு போட்டுவிட்டார்கள். பிசியோதெரபி படித்தவள் என்று கேப்டன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். முதல் ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் தலைப் பரிசோதனை. ஐந்து வார்த்தைகள் படிப்பேன். கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டால், மறுபடி இதையே செய்யச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அண்ணனும் அந்தக் கிளப்பில்தான் ஆடுகிறான். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தவன், "எங்க வீட்டு டாக்டர்கிட்டயே டெஸ்ட்டா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். டாக்டர் இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது! அவன் பத்தாவதோடு நின்றதால்தான் நான் படித்தேன்.

செப்டம்பர் 5

உடைமாற்றும் அறை. தைல நெடி, ஈர சாக்ஸ். அத்தனை ஆண்களுக்கு நடுவில் தரையைப் பார்த்தபடியே படித்தேன் - எலுமிச்சை, சாவி, கம்பளி, ரயில், ஏணி.

இங்கே ஒரு வழக்கம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. முதல் பரிசோதனையில் வேண்டுமென்றே சொதப்புவார்கள். இன்று குறைவாகச் சொல்லிவைத்தால், நாளை அடிபட்ட பிறகும் 'வித்தியாசம் இல்லை' என்று களத்திலேயே இருக்கலாமே.

'பீரோ' என்று எல்லோரும் கூப்பிடும் தடியர், "மூணு சொன்னாப் போதும்டா, நாலு சொன்னா காலேஜுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். "பொண்டாட்டி வாங்கிட்டு வரச் சொன்னதுலயே எனக்கு ரெண்டுதான் ஞாபகம் இருக்கும்" என்றது இன்னொரு குரல்.

கடைசியாக அண்ணன். "எலுமிச்சை... சாவி..." அவ்வளவுதான்.

"கப்பைக் குடுங்கடா இவனுக்கு! என்னா நடிப்பு!" ஒரே கைதட்டல். அவனும் சிரித்தான்.

ஆனால் மற்றவர்கள் நடித்தபோது அவர்கள் கண்கள் சிநேகிதர்களைத் தேடின. அண்ணன் என்னையே பார்த்தான். தொடையோரம் தொங்கிய கையில் அவன் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. நடிப்பவன் விரல்விட்டு எண்ணுவானா?

செப்டம்பர் 6

பால் பொங்கிக் கருகியது. அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வாடையே தெரியவில்லையாம். ஜலதோஷம் என்கிறான். மூக்கு அடைத்தமாதிரி தெரியவில்லையே?

செப்டம்பர் 9

போன சீசனின் கடைசி ஆட்டத்தில் அண்ணன் தலைகுப்புற விழுந்தான். எழுந்தவன் நேராகப் போய் எதிரணியோடு நின்றுகொண்டான். அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்று பயிற்சி முடிந்ததும் பீரோ அதை நடித்தே காட்டினார். எனக்குக் கருகிய பால் ஞாபகம் வந்தது; தலையில் அடிபட்டால் வாசனை தெரியாமல் போகலாம் என்று படித்திருக்கிறேன்.

கேப்டனிடம் போய், "அண்ணன் அன்னிக்கு நடிக்கலைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"அட, அவன் பெரிய கேடிம்மா. உன்னையே ஏமாத்திட்டான் பாரு!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸ்க்ரம்ல நடுவுல அவன் இல்லேன்னா எங்களுக்கு முதுகெலும்பே கிடையாது. இப்பப் போயி குழப்பாதம்மா."

ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தலையோடு தலை கோத்துத் தள்ளுவது. நடுவில் இருக்கும் தலை அண்ணனுடையது.

நான் என்னதான் பண்றது? யார்கிட்ட போய்ச் சொல்றது?

செப்டம்பர் 11

நாளைய ஆட்டத்துக்கு அம்மா அவனுடைய ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்; அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். "அவனுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். எதையாவது படிச்சிட்டு வந்து பயமுறுத்தாத."

ஜெர்சியை வாங்கி மடித்து வைத்தேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே.

செப்டம்பர் 12

ஆஸ்பத்திரி பெஞ்ச். அண்ணனை ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். அவன் பூட்ஸ் என் மடியில். அடியில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. கேப்டன் விடாமல் போன் செய்கிறார், நான் எடுக்கவில்லை. டாக்டர் முதலில் சிரித்துப் பேசினார். அண்ணனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

காலையில் உடைமாற்றும் அறையில், ஸ்க்ரம்மில் காது உரசாமலிருக்கத் தலையைச் சுற்றி டேப் ஒட்டுவதற்காக அண்ணன் என் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். டேப்பின் நுனி கிடைக்காத மாதிரி நகத்தால் கீறிக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"அண்ணா, அன்னிக்கு நடிச்சியா?"

அவன் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். "நடிக்கணும்னுதான் வந்தேன் பாப்பா. மூணு சொல்லிட்டு நிறுத்தணும்னு இருந்தேன். மூணாவது வரல. எல்லாரும் கை தட்டினாங்களா... சரி, நடிச்சதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெளியிலிருந்து பீரோ கத்தினார். "டேய், உள்ள என்ன மாப்பிள்ளை அலங்காரமா நடக்குது? வாடா!"

அண்ணன் எழப் பார்த்தான். தோளில் கை வைத்து அழுத்தினேன். அவனிடம் நான் எதையும் கேட்டதே இல்லை. கேட்பதற்கு முன்பே செய்துவிடுவான். இன்று கேட்டேன்.

"ஸ்க்ரம்முக்குள்ள தலையைக் குடுக்காதண்ணா. பூட்ஸைக் கழட்டு. என்கூட வந்துடு."