முதலையின் வயிற்றில் கிடந்த விண்ணப்பமும் அழிந்துபோன விடையும்

விதைத்தது முளைக்க, முளைத்தது விளைய, விளைந்தது வீடு சேர்க. குறிஞ்சாற்று நாடாளும் பெருங்கோ நெடுவேளனார் திருவாணைப்படி, தலைமையமைச்சன் உதியன் காரி விடுக்கும் ஓலை. வெயிலென்றும் மழையென்றும் பாராது வடமதில் பணிக்குக் கண்காணியாய் நிற்கும் மாவலி அரையர்க்கு நலம் பெருகுக. உம் மதிலும் உம் முழங்கால் வலியும் எந்த அளவில் உள்ளன என்று பெருங்கோ வினவினார்.

அறுவடை முடிந்த கையோடு மதில் ஊழியத்துக்கு வந்த மருதங்காட்டு ஆடவர் இன்னும் வீடு திரும்பவில்லை. மழை இறங்கிவிட்டது, எங்கள் ஆட்களை விதைப்புக்கு அனுப்புக என்று அவ்வூர்ப் பெண்டிர் விடுத்த விண்ணப்பம் அரண்மனையில் விடையின்றிக் கிடந்தது. மதில் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எமக்கு எழுதியவர் நீரே. அவ்விண்ணப்பத்துக்கு விடை வந்த வழி சற்றுக் கோணலானது, பொறுமையோடு கேளும்.

எகிப்து நாட்டுக் கப்பலொன்று நம் துறைக்கு ஒரு செத்த முதலையைக் கொணர்ந்தது. அந்நாட்டார் முன்னாளில் முதலையைத் தெய்வமாய்க் கொண்டு, செத்தால் துணி சுற்றிப் புதைத்தார்களாம். பழங்குழியிலிருந்து தோண்டியெடுத்த அதனை அரும்பொருளென்று பெருங்கோவுக்குக் காணிக்கையாய்க் கொண்டுவந்தான் வணிகன். துறையார் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். இறக்கும்போது அது கைதவறி விழுந்து வயிறு பிளந்தது. உள்ளே குடல் இல்லை. திணித்துவைத்த நாணல் தாள்கள் இருந்தன. நாணல் தண்டைச் சீவி ஒட்டிய தாளில் மையால் எழுதுவதும், வேண்டாத தாளை முதலைக்குள் அடைப்பதும் அவர்கள் வழக்கமாம்.

அரண்மனை ஏடுகளைக் காக்கும் ஓலைநாயகம் வெண்காடன், கிழியாத தாளொன்றைப் பச்சைக் குழந்தையைப்போல் ஏந்தி அவைக்கு வந்தார். வணிகன் மனைவி தாயேசி எகிப்தியப் பெண்; நம் துறையில் நெடுநாள் வாழ்ந்து நம் மொழி பழகியவள். அவள் அதைப் படித்துச் சொன்னாள். அரசனின் கல்லறைக்குக் கல்லிழுக்கும் கூட்டத்தின் தலைவன் ஒருவன் தன் அரசனுக்கு எழுதியது அது. வெள்ளம் வடிந்துவிட்டது, வண்டல் காய்கிறது, என் ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடியே ஊர்ப்பக்கம் பார்க்கிறார்கள், விதைத்துவிட்டு வர அனுமதி தாரும் என்று வேண்டியிருந்தான். அரசன் தந்த விடை அதே தாளின் கீழ்ப்பாதியில் இருந்தது. மை மங்கியிருந்ததால் அதை மறுநாள் படிப்பதென்று பெருங்கோ எழுந்தார். எழும்போது, அவ்வரசன் என்ன சொன்னானோ அதையே மருதங்காட்டுக்கும் சொல்லிவிடுவோம் என்றார்.

வெண்காடனுக்கு மறுநாள் வரை பொறுக்கவில்லை. அப்பெண்டிரின் விண்ணப்பத்தை எடுத்துப் படிப்பதும் வைப்பதுமாய் இருந்தவர் அவர். எழுத்துத் தெளிவாய்த் தெரிந்தால் நல்ல சொல் விரைந்து வெளிவரும் என்று நம்பினார். ஓலையில் கீறிய எழுத்து மங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தார்: கோவையிலைச் சாற்றில் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் துடைத்தார். ஓலையென்றால் கீறலில் கரி தங்கி எழுத்துப் பளிச்சிட்டிருக்கும். நாணல் தாளில் மை மேலோடு கிடப்பது. எழுத்தெல்லாம் துணியோடு வந்துவிட்டது. பாவம், அத்துணியையும் எறியாமல் எடுத்து வைத்தார்.

மறுநாள் தாளையும் துணியையும் அவர் அவையில் வைத்தார். வேண்டுமென்றே அழித்தான் என்று சிலர் முணுமுணுத்தனர். முணுமுணுத்தவர் பக்கம் வெண்காடன் திரும்பவே இல்லை. கெடுத்தது என் கை, அதற்குரிய தண்டனையை இக்கைக்கே தாரும், மருதங்காட்டார் வயலுக்குத் தர வேண்டா என்று பெருங்கோவை வேண்டினார்.

அழிந்த விடை என்னவாயிருக்கும் என்று பெருங்கோ தாயேசியைக் கேட்டார். அவள் சொன்னதை அவள் சொல்லாகவே தருகிறேன்: “நான் அதைப் படிக்கலைங்க. ஆனா அந்தக் கல்லறை எங்க ஊர்ப் படித்துறையிலேருந்து பார்த்தாலே தெரியும். ஒரு கல்லு குறையாம முடிச்சிருக்காங்க.”

கல்லறை முடிந்தது தெரிகிறது, அவ்வாட்கள் விதைத்தார்களா என்பது தெரியவில்லையே என்றார் பெருங்கோ, அந்தத் துணியைப் பார்த்தபடி. பிறகு எழுத்தாணியை எடுக்குமாறு வெண்காடனைப் பணித்தார்.

ஆகவே அரையரே, இவ்வோலை கண்ட பொழுதே மருதங்காட்டு ஆடவரை ஊருக்கு விடுக. சுமந்த கல்லை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் செல்லட்டும். வெண்காடனுக்குத் தண்டனையாவது, இவ்வோலையைத் தாமே சுமந்து நடந்துவந்து அவர்கள் முன் உரக்கப் படிப்பது. அவருக்கு மோரும் நிழலும் தருக. இது அவர் கைப்படக் கீறிய எழுத்து. ஐயமிருப்பின் ஈரத்துணியால் தேய்த்துப் பாரும். மீன்கொத்தி முத்திரை இட்டோம். மதில் ஏன் பாதியில் நிற்கிறது என்று எவரேனும் கேட்டால், ஆட்கள் விதைக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும். இஃது ஆணை.