ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வைத்த இரண்டு ஃபேன்

முதுநகர்,
27.5.2007

அன்பு மகன் சார்லசுக்கு அம்மா எழுதுவது. தேவன் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தோகாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன் என்று அவர் சொல்வதை நான் நம்புவதில்லை, பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்று இதை எழுதுகிறேன். நீயும் டிரைவர் தங்கராசும் எனக்குத் தெரியாமல் செய்த காரியம்தான் விஷயம். முழுக்கப் படி.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுச் சபைக்காரர்கள் அனுப்பிய எங்கள் மருத்துவ வண்டியை உனக்குத் தெரியும், உள்ளேயே கட்டில், கேஸ் அடுப்பு, கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிற வீடு மாதிரி வண்டி. அந்த ஃப்ரிட்ஜில்தான் இன்சுலின் வைக்கிறேன். வியாழக்கிழமை தோறும் கீரப்பாளையம் போய் ஒரு வாரத்து மருந்தைக் கொடுக்கிறோம், மண்பானைத் தண்ணீரில் வைத்துத் தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்வார்கள். அங்கே இருசம்மாள் என்று ஒரு நடவுக்காரம்மா, இரண்டு மாதமாக ஊசி போட்டும் சர்க்கரை முந்நூற்று எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. நான் என்ன நினைப்பேன்? திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறது என்றே நினைத்தேன். வரிசையில் இத்தனை பேர் நிற்கும்போது அந்த அம்மாவின் மருமகள் கலைமணியைக் கூப்பிட்டு, உன் மாமியார் நம்மை ஏமாற்றுகிறார், கவனித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா மருந்துகூட வாங்காமல் எழுந்து போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து வரவும் இல்லை.

பிறகு இன்னும் மூன்று பேருக்குச் சர்க்கரை ஏறவும் எனக்குச் சந்தேகம் மருந்தின் மேல் திரும்பியது. காலையில் முதுநகரில் தொட்டுப் பார்த்தால் பாட்டில் ஜில்லென்று இருக்கும், அதனால் அதுவரை நான் கவலைப்படவில்லை. ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து நடுப்பகலில் பார்த்தேன், இருபத்தொரு டிகிரி. எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே சிலிண்டர், தங்கராசு ஓயாமல் டீ போடுகிறவன், கேஸ் தீர்ந்துவிடும் என்று ஃப்ரிட்ஜை அணைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அடுப்புக் குழாயைக் கழற்றச் சொல்லி, சிலிண்டர் அறைக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டேன். அப்போதும் இருபது டிகிரி. கள்ளச்சாவி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், வண்டியின் வெளிப்பக்கத்தில் காற்றுப் போவதற்கு வைத்த கம்பி ஜாலியைக் கழற்றிப் போட்டுவிட்டு இவன் உள்ளே கையை விட்டுக்கொண்டிருக்கிறான், கீழே ஒயரும் சின்னச் சின்ன ஃபேனும் கிடக்கின்றன. எதைக் கழற்றி விற்கப் போகிறாய் என்று ஊரே கேட்கக் கத்தினேன். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், இந்த ஃப்ரிட்ஜ் முதுவுல கைய வெச்சுப் பாருங்க, அப்பறம் திட்டுங்க" என்றான். வைத்தேன், சுட்டுவிட்டது. குளிர் தேசத்து வண்டியாம், நம் ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறதாம், சூடு நின்றால் உள்ளே குளிராதாம். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபேன் இரண்டை மேல் ஜாலியில் வைத்துச் சூட்டை வெளியே தள்ள வேண்டும், கூடவே ஒரு தெர்மோஸ்டாட் வைத்தால் சூடானதும் ஃபேன் தானாக ஓடும், ஆறினால் நிற்கும், பேட்டரியும் இறங்காது என்றான். இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால், "சார்லஸ் தம்பிதான் போன்ல சொல்லிச்சி, அம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, மாட்டிட்டு சொல்லுன்னிச்சி" என்கிறான்.

நம்பவில்லைதான். மூன்று நாள் மணிக்கு ஒருதரம் பார்த்து எழுதினேன். ஏழு, ஆறு, ஆறு. தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்று வாங்கி வந்து வைத்தேன். அதிலும் ஆறு. பழைய இன்சுலின் அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கி வைத்தோம். தங்கராசிடம் தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். பரவாயில்லை சிஸ்டர் என்றான், ஆனால் முகம் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை கீரப்பாளையம் போனதும் இருசம்மாள் வீட்டுக்கு நடந்து போனேன். கால் கட்டைவிரலில் புண், ஈ மொய்க்கிறது. சமையல்கட்டுக்குக் கலைமணி பூட்டுப் போட்டிருந்தாள், இட்லியைக்கூட எண்ணித்தான் வைத்திருக்கிறாள், எல்லாம் என் பேச்சால். மருந்துதான் கெட்டுப்போயிருந்தது, உங்கள்மேல் தப்பில்லை என்றேன். அந்த அம்மா ஈயை விரட்டிக்கொண்டே, "அத எங்கிட்ட ஏன் நர்சம்மா சொல்ற? அன்னிக்கி யார் யாருக்கு முன்னால சொன்னியோ அவுங்களுக்கு முன்னால சொல்லு" என்றது. தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லோரும் இருக்க, கலைமணியையும் நிற்க வைத்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொருதரம் சொல்ல வேண்டியிருந்தது. கலைமணி அழுதுகொண்டே பூட்டைத் திறந்தாள்.

இப்போது புண் ஆறிக்கொண்டு வருகிறது, சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. ஆனால் வியாழக்கிழமை வந்தால் இருசம்மாள் உடனே கையை நீட்டுவதில்லை. முதலில் ஃப்ரிட்ஜைத் திற, எத்தனை டிகிரி என்று காட்டு என்கிறது. திறந்து காட்டுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உனக்கு இருமல் விடவில்லை என்று தங்கராசு வாய் தவறிச் சொன்னான். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. நீ எழுதுவதை நான் நம்புகிறேன்.

உன் அம்மா,
ராஜாமணி